பதினெட்டு மில்லிமீட்டர் ஆழம்

“தவறு என்னுடையதே” என்று தட்டச்சு செய்த தாளை முதலாளி ஊய் என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம், போடாவிட்டால் வீட்டுக்கு. புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் பதினேழு வருஷமாக மெஷின் ஓட்டுகிறேன். பெட்டிக்கு டேப் ஒட்டவா இந்தக் கை?

நடந்தது இதுதான். இருபது மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கட்டையில் பதினெட்டு ஆழத்துக்குத் துளை கேட்டிருந்தார்கள். போட்டேன். அடிப்பக்கம் மிளகு அளவுக்குப் பொத்துக்கொண்டது. காற்றுப் புகவே கூடாத பாகம் அது. மூன்று நாள் உழைப்பு குப்பைக்குப் போயிற்று. காலையில் முதலாளி தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி மைக்கில் என்னைத் திட்டித் தீர்த்தார்.

ஆர்டர் கொடுத்த கம்பெனியில் வரைபடம் போட்ட இன்ஜினியர் லாவ், சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்.

“இருபதுல பதினெட்டு போனா ரெண்டு மிச்சம். உங்க ஆளுக்குக் கழித்தல் கணக்கு வராதா பாஸ்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், டிரில் நுனி கூரா, தட்டையா?”

“கூருதான்.”

“ஆழத்தை எதுவரைக்கும் அளப்பீங்க?”

“துளை முழு அகலமா இருக்கிற வரைக்கும். நுனி கணக்குல சேராது. இதுகூடத் தெரியாமலா மெஷின் ஓட்டற?”

“கணக்குல சேராது, கட்டையில இறங்குமே! பத்து மில்லி டிரில்லுக்கு நுனி மட்டுமே மூணு மில்லி. உங்க ரெண்டு மில்லிக்குள்ள அதை நான் எங்க ஒளிச்சு வைக்கிறது? அடி தட்டையா இருக்கணும்னு படத்துல ஒரு வார்த்தை எழுதினீங்களா? எழுதியிருந்தா தட்டை நுனி டிரில் போட்டிருப்பேனே!”

“வாயை மூடு ஜெகதா, அவர் கஸ்டமர்!” என்றார் முதலாளி.

“மூடிக்கிட்டுத்தானே பாஸ் துளைச்சேன்? திங்கக்கிழமையே அந்த அளவுமேல சிவப்பு வட்டம் போட்டு உங்ககிட்ட கேட்டேன். ‘படத்துல இருக்கிறபடி செய்’னு சொன்னது யாரு?”

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

அதே கனத்தில் ஒரு கழிவுத் துண்டை எடுத்து மாட்டினேன். ஆழம் பதினெட்டு என்று லாவிடமே காட்டினேன்.

“பட்டனை நீங்களே அமுக்குங்க.”

அமுக்கினார். துண்டைக் கழற்றித் துடைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். துளை வழியே வெளிச்சம் வந்தது. பக்கத்து மெஷின் ஃபைசால் விசிலடித்தான். லாவின் காது சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து, அடி தட்டையாக இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சரி சரி, முடிஞ்சுது. போய் வேலையைப் பாரு,” என்று முதலாளி நான் கையெழுத்துப் போடாத அந்தத் தாளைக் கசக்கினார்.

“முடியல பாஸ்.” மெஷினை நிறுத்தினேன். “காலையில என் பேரைச் சொல்லி மைக்லதானே திட்டினீங்க? இதையும் மைக்ல சொல்லுங்க.”

“வேலை போயிரும் ஜெகதா.”

“போகட்டும்.”

கையைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றேன். முறைத்துப் பார்த்துவிட்டு முதலாளி மைக்கை எடுத்தார்.

“தப்பு ஜெகதாவோடது இல்ல,” என்று முணுமுணுத்தார்.

“கேக்கல பாஸ்!”

இந்தத் தடவை கத்தினார். அதற்கப்புறம்தான் மெஷினை ஓட விட்டேன்.