டீயில் வந்த காய்ச்சல்

சாமுண்டீஸ்வரி நீட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்து லோகநாயகி டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதரசம் உச்சியில் போய் நின்றிருந்தது. அந்தச் சூட்டுக்குப் பிள்ளை நினைவு தப்பிக் கிடக்க வேண்டும். சாமுண்டீஸ்வரியின் மகன் கிட்டுவோ கிளினிக் ஜன்னல் கம்பியில் தொங்கியபடி, பொழிச்சலூர் மேலே இறங்கும் விமானத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.

நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சாமுண்டீஸ்வரியின் மடியில் ஃபிளாஸ்க். அதன் மூடியில் ஆவி பறக்கும் டீ. டாக்டருக்குப் பளிச்சென்று புரிந்துபோயிற்று. வந்ததே ஆத்திரம்! அவள்மேல் பாதி, தன்மேல் பாதி. இந்த டீக் காய்ச்சலை நம்பி அந்தப் பொடியனுக்கு ஏற்கெனவே ரெண்டு ஊசி குத்தியாயிற்றே! இன்றைக்கு ரத்தம் எடுக்க வேறு அனுப்புவதாக இருந்தாள்.

கேட்டதும் சாமுண்டீஸ்வரி மழுப்பவில்லை. அது எண்பத்தொன்பதாம் வருஷம், வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். புருஷன் தசரதன் மனை புரோக்கர். விடிந்தால் கேளம்பாக்கம், பொழுது சாய்ந்தால் எங்கேயோ. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்தான் வீடு தங்குகிறான்.

"அவராண்ட சொல்லிடாதீங்க டாக்டர். அம்மா வூட்டுக்குத் தொரத்திடுவாரு."

சொன்னால் இவள் குடும்பம் என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் வேறொரு டாக்டர், வேறொரு ஊசி. லோகநாயகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். குத்துப்படப் போவது கிட்டு. தன் நோயாளியும் அவன்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? இப்பவே சொல்லியாகணும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த தசரதன் உள்ளே வந்தான். சாமுண்டீஸ்வரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் கத்தவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையா என்று டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இல்லை என்றதும் தொப்பென்று தரையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். புருஷன் வீட்டில் இருக்கிறான் என்று சாமுண்டீஸ்வரி பூரித்தாளே தவிர, எப்படி இருந்தான் என்று அவள் பார்க்கவே இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு தசரதன் சொன்னான்: "புள்ளைக்குச் சரியாச்சுன்னா திருப்போரூர்ல மூணு பேருக்கும் மொட்டைன்னு வேண்டிக்கினேன்டி."

அவள் கை தன்னையறியாமல் பின்னலைப் பிடித்தது. இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல். வராத காய்ச்சலுக்கு வேண்டுதல் செல்லுமா என்று டாக்டரைக் கேட்டாள். அதெல்லாம் தன் படிப்பில் இல்லை என்று டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை விரித்துவிட்டாள்.

சாமுண்டீஸ்வரி பின்னலை விட்டாள்.

"நீயும் கூட வருவ இல்ல?"

"மூணு பேருன்னா நான் இல்லாமயாடி?" என்றான் தசரதன்.