ஸ்டெஃபி காட்டாத காகிதம்

திருநெல்வேலிக்குத் தெற்கே நாலுவழிச் சாலையை ஒட்டியிருந்த அந்தத் தையல் கம்பெனியில், ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் பெண்களிடம் மட்டும் சிறுநீர் வாங்கிப் பரிசோதிப்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் மறுநாள் வேலை கிடையாது. யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

இந்த வருஷம் அப்படி மாட்டியது ஸ்டெஃபி. கூட்டப்புளிக் கடற்கரைக்காரி. அவள் புருஷன் ஜெர்வின் கப்பல் வேலைக்குப் போய் ஐந்து மாதமாகிறது.

அலுவலர் சத்தியநேசன் டெஸ்ட் கார்டை மேஜையில் தள்ளினார். "ரெண்டு கோடு. நாளையிலருந்து வர வேண்டாம்."

முதல் கோடு அழுத்தமாக இருந்தது. இரண்டாவது, ஈரம் காய்ந்த தடம் போல வெளிறிக் கிடந்தது.

"சார், எங்க வீட்டுக்காரரு ஊர்லயே இல்ல."

"அது ஒங்க வீட்டு விஷயம்," என்றார் அவர், உதட்டோரம் சிரித்தபடி. அந்தச் சிரிப்பில் ஸ்டெஃபிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அறையில் கூடத் தங்கியிருந்த முத்துராணியும் அதே கம்பெனிதான். "எனக்கு ஒத்தக் கோடுதான்னு சொல்லிட்டாங்க. ஆனா நாள் தள்ளிப்போயி ஆறு நாள் ஆவுதுட்டி," என்றாள் தணிந்த குரலில். அன்று மாலையே இருவரும் மேலப்பாளையத்தில் ஒரு லேபுக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்த கனி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கார்டுல ஊத்தி எவ்வளவு நேரங் கழிச்சுப் பாத்தாங்க?"

"நர்சம்மா முப்பது கார்டுலயும் ஊத்திட்டு சாப்பிடப் போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்ப அது செல்லாது. அஞ்சு நிமிஷத்துல பாக்கணும்னு உறையிலயே போட்டிருக்கு. காய்ஞ்ச பொறவு இப்பிடித் தடம் விழும்." கனி முத்துராணியிடம் திரும்பினாள். "நீ காலையில முதல்ல போனதையா குடுத்த?"

"இல்லக்கா, நெறைய தண்ணி குடிக்கச் சொல்லி மத்தியானந்தான் வாங்குனாங்க."

"தண்ணியாப் போயிருந்தா ஆரம்பத்துல பிடிபடாது. ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னே அளந்துரலாம். கைய நீட்டுங்க."

முடிவு வந்தது. ஸ்டெஃபிக்கு இல்லை, முத்துராணிக்கு உண்டு. கம்பெனி இரண்டு பேரையும் தலைகீழாக வாசித்திருந்தது. முத்துராணி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"ஒன் காகிதத்தக் காட்டிரு. ஒன் வேலையாவது நிக்கும்," என்றாள்.

ஸ்டெஃபி காகிதத்தை மடித்தபடி யோசித்தாள். இதைக் காட்டினால் அந்த ஆள் என்ன செய்வான்? கார்டு தப்பு என்று எல்லோரிடமும் ரத்தம் எடுப்பான். முதலில் மாட்டப்போவது முத்துராணிதான். அதோடு, அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் எதற்கு ஒழுக்கமானவள் என்று நிரூபிக்க வேண்டும்?

மறுநாள் எல்லாப் பெண்களும் மிஷினில் உட்காரும் நேரமாகப் பார்த்து அவள் தையல் கூடத்திலிருந்த சத்தியநேசன் முன்னால் போய் நின்றாள்.

"ரத்தப் பரிசோதனை பண்ணிட்டேன் சார்."

"என்ன வந்துச்சு? காட்டு."

"காட்ட மாட்டேன். உண்டோ இல்லையோ, அது எனக்குள்ளது. வேலையவிட்டு எதுக்கு அனுப்புதீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. கர்ப்பம்னுதான் எழுதுவீங்க? எழுதுங்க. அத வச்சு லேபர் ஆபீசுக்குப் போயிக்கிடுதேன், கர்ப்பம்னு வேலையவிட்டு அனுப்புறது சட்டப்படி குத்தம்லா."

"இதெல்லாம் எழுத்துல தர முடியாது."

"ஏன் சார் முடியாது?"

தையல் கூடத்தில் ஒரு மிஷினும் ஓடவில்லை. முத்துராணி எழுந்து வந்து ஸ்டெஃபி பக்கத்தில் நின்றாள். அடுத்த வரிசையிலிருந்து நிலோஃபர் வந்தாள். பிறகு எண்ண முடியவில்லை.

சத்தியநேசன் வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டார். திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. "போ, போயி வேலையப் பாரு."

"ஒப்பந்தம்?"

"சாயங்காலம் கையெழுத்துப் போட வா."

ஏழு மாதம் கழித்து, வயிற்றை மறைக்காமல், முத்துராணி அதே மேஜையில் பேறுகால விடுப்புக்கு விண்ணப்பம் வைத்தாள். சத்தியநேசன் தலைநிமிராமல் கையெழுத்துப் போட்டார். "சம்பளத்தோட விடுப்புன்னு எழுதிருங்க சார்," என்றாள் அவள்.