நடுவில் ஒரு குத்துவிளக்கு

பேனரில் யார் தலை பெரியது, யார் தலை சிறியது என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கிறவர்கள், தாம்பரத்துப் பக்கம் ஒரு விசேஷம்கூட எடுத்து நடத்தாதவர்கள். முடிச்சூர் சாலையில் பன்னிரண்டு வருஷமாக ‘ஹேமா டிஜிட்டல்ஸ்’ நடத்தும் ஹேமாவதியைக் கேட்டால் சொல்லுவாள். கல்யாணமோ காதுகுத்தோ, மண்டப வாசலில் ஒரு பேனர் நிற்க வேண்டும். உச்சியில் குலசாமி. அதற்குக் கீழே போய்ச் சேர்ந்த பெரியவர்கள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு. அப்புறம் தாத்தா, பாட்டி. வலது பக்கம் முழு ஆளாகத் தாய்மாமன், மீசை மறையாமல். இடது பக்கம் வயசு வாரியாகப் பங்காளிகள். காலடியில் ‘வாழ்த்தும் நண்பர்கள்’, தபால்தலை அளவில், கூலிங் கிளாஸோடு. இதில் ஒரு தலை ஒரு விரற்கடை ஏறி இறங்கட்டும், பந்தியில் சாம்பார் வாளி பறக்கும்.

அதிலும் பீர்க்கன்கரணைப் பொன்னுரங்கம் வீட்டுப் பேனர் என்றால் அவள் தனியாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது அதே நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது. பங்காளிகளில் ஏரிக்கரை வீட்டுக்காரருக்கும் கோயில் தெரு வீட்டுக்காரருக்கும் ஒரு புளியமரத்தை வெட்டிய விவகாரத்தில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் வயசுப்படி இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். இடம் மாற்றினால் வயசுக்கு அவமரியாதை, மாற்றாவிட்டால் ரோஷத்துக்கு அவமரியாதை. ஹேமாவதி என்ன செய்தாள் தெரியுமா? இருவருக்கும் நடுவில் ஒரு குத்துவிளக்கை நிறுத்தினாள். பார்த்தவர்கள் மங்கலம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வித்தைக்கெல்லாம் போன தை மாதத்தோடு மவுசு போயிற்று. செல்போனில் ஒரு ஏ.ஐ. செயலி வந்தது. குடும்பப் படங்களை அதில் கொட்டிவிட்டு, ‘காதுகுத்து’ என்று சொன்னால் போதும். காபி ஆறுவதற்குள் பேனர் தயார். மண்டபங்களில் ஃப்ளெக்ஸ் போய் எல்.இ.டி. திரை வந்தது, பிரிண்டும் வேண்டாம். ஹேமாவதியின் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். ஜெராக்ஸை நம்பி ஒரு கடை எத்தனை நாள் நிற்கும்? பக்கத்தில் செல்போன் கவர் விற்கும் சேட்டு, அந்தக் கடையையும் எடுத்து நடுச்சுவரை இடித்துவிடலாம் என்று பார்த்தார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாவி கொடுத்துடறேன்” என்று ஹேமாவதி வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள். யாருக்கும் தெரியாமல் அழவில்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பொன்னுரங்கத்தின் பேத்தி ஜீவிதாவுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க வந்த சிவகுமார், குழந்தையின் அப்பா, வாசலில் நின்றே சொல்லிவிட்டான்: “அக்கா, இந்த வாட்டி பேனரு வேல வாணாம். நானே போன்ல பண்ணிகினேன். நீ ஜாலியா வந்து சாப்டு போ.”

ஆனாலும் போனாள், கூப்பிட்ட மரியாதைக்கு. கடையைக் காலி செய்கிற வேலையின் தொடக்கமாக லேப்டாப்பை முன்னாலேயே எடுத்துத் தோள்பையில் போட்டிருந்தாள். அதில்தான் பன்னிரண்டு வருஷத் தலைகளும் இருந்தன.

மண்டப வாசலில் திரை ஜெகஜ்ஜோதியாக மின்னியது. மேகம் நகர்கிறது, பூ கொட்டுகிறது, மயில் தோகை விரிக்கிறது. “நல்லாத்தான் இருக்கு, நாசமாப் போறது” என்று ஹேமாவதி வாய்விட்டே சொன்னாள். அடுத்த கணம் அவள் கண், தொழில் பழக்கத்தில், வலது பக்கம் போனது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், ஆள் உயரத்துக்கு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பென்னி நின்றுகொண்டிருந்தார். பென்னி இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. நிலத் தரகர், சிவகுமாரின் சிநேகிதர், யார் செல்போனைத் தூக்கினாலும் முதல் ஆளாக ஓடி வந்து நடுவில் நிற்கிறவர். அவ்வளவுதான்.

ஓடிப்போய் சிவகுமாரைப் பிடித்தாள்.

“சிவா, தாய்மாமன் எங்கப்பா?”

“அதோ கீறாரே, கீழ மூணாவது வரிசைல.”

“அது யாரு? மீசையே இல்ல.”

“மிஷின் கொஞ்சம் பாலீஷ் போட்டுக்கீது. யாருக்கா பூதக்கண்ணாடி வச்சிகினு பாக்கப் போறாங்க?”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் மேளம் கேட்டது. சீர்வரிசை வருகிறது. முன்னால் தவில், நாயனம். பின்னால் இருபத்தொரு தட்டு. நடுவில் வடிவேலு, சிவகுமாரின் மனைவி அனுப்பிரியாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன், கோவிலம்பாக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறவர். குழந்தைக்குப் போடவேண்டிய தங்கத் தோடு அவர் கையில். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அவருடைய மீசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவிலம்பாக்கத்தில் வழி கேட்டால் ‘மீசைக்காரர் டயர் கடைக்கு எதிர்ல’ என்றுதான் சொல்லுவார்கள்.

திரைக்கு முன்னால் வந்ததும் வடிவேலு நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார். இடமிருந்து வலம் பார்த்தார்.

“மோளத்த நிறுத்துப்பா.”

நின்றது.

“மாப்ள, அது யாரு, என் பேர போட்டுகினு மூலையில நிக்கிறது?”

“நீதான் மச்சான்” என்றான் சிவகுமார், குரல் இறங்கி.

“நான் இங்க கீறேன்.”

“மிஷின் தப்பு பண்ணிடுச்சி மச்சான். சத்தியமா நான் இல்ல.”

“எங்க வூட்டுக்கு வந்து தட்டு மாத்தி பொண்ணு எடுத்தது மிஷினா, நீயா?”

கூட்டத்தில் யாரோ சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். வடிவேலு சிரிக்கவில்லை. கோபக்காரர் இல்லை அவர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “அதோ ஒசரமா நிக்கிறாரே பென்னி சாரு, அவரு மடியிலயே கொயந்தைய உக்கார வச்சி குத்திக்குங்க. நாங்க கெளம்பறோம்” என்றார்.

பென்னிக்கு வேர்த்துக் கொட்டியது. “அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றார். காலையிலிருந்து அதே திரைக்கு முன்னால் நின்று ஏழு செல்ஃபி எடுத்தவர் அவர். பொன்னுரங்கம் மகனைப் பார்த்து, “பி.இ. படிச்சி இன்னாடா பிரயோஜனம்?” என்றார். அனுப்பிரியா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “எங்கண்ணன் வராம எம்பொண்ணு காதுல ஊசி படக்கூடாது” என்று ஒரே போடாகப் போட்டாள். காது குத்த வந்த பத்தர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார், முகூர்த்தம் முடிகிற பத்தரை மணிக்குள் குத்திவிட வேண்டும் என்று. மணி ஒன்பது நாற்பது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, ஹேமாவதிக்கு மட்டும் வேறு ஒன்று உறுத்தியது. பென்னியை ஏன் தூக்கி வைத்தது இந்த மிஷின்? “சிவா, எத்தனை படம் போட்டே?”

“போன்ல கெடந்தது அத்தினியும். நாலாயிரத்துக்கு மேல கீதுக்கா.”

போனைப் பிடுங்கித் தள்ளிப் பார்த்தாள். கல்யாணம், வளைகாப்பு, பேர் வைத்தது, முதல் பிறந்தநாள், கோவளம் போனது. எல்லாவற்றிலும் பென்னி பல்லைக் காட்டுகிறார். வடிவேலு? ஒன்றே ஒன்று, பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் பாதி முகம். அந்தப் பாதிக்கு மீதியை மிஷின் சொந்தமாக ஒட்டிக்கொண்டு மீசையை மழித்திருக்கிறது. எந்த முகம் அதிகமாக இருந்ததோ அது நெருங்கின சொந்தம் என்று அது எடுத்துக்கொண்டதோ என்னவோ. மேலும் தள்ளினாள். ஒரு படத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. நகம் நசுங்கிக் கறுத்த விரல். இன்னொரு படத்திலும் அதே விரல். ஹேமாவதி நிமிர்ந்து, தங்கத்தோட்டுப் பெட்டியைப் பிடித்திருந்த வடிவேலுவின் கையைப் பார்த்தாள். டயர் கடைக்காரரின் கட்டைவிரல். நகம் நசுங்கியிருந்தது.

“இந்தப் படமெல்லாம் யாரு எடுத்தது சிவா?” என்று சத்தமாகக் கேட்டாள்.

சிவகுமார் போனை எட்டிப் பார்த்தான். “மச்சான்தான்” என்றான். “எந்த விசேஷம்னாலும் மச்சான் கையில போன குடுத்துட்டு, ஒண்ணு எடு மச்சான்னு சொல்லிட்டு நாங்க போயி நின்னுக்குவோம்.”

“அப்ப அவரை யாரு எடுக்கிறது?”

ஹேமாவதி வடிவேலுவின் பக்கம் திரும்பினாள்.

“வடிவேலு அண்ணா, இந்த நாலாயிரத்துலயும் நீங்க இருக்கீங்க. போனுக்குப் பின்னாடி இருக்கீங்க. பாவம், மிஷினுக்கு முன்னாடி நிக்கிறவங்களை மட்டும்தான் தெரியும். மனுஷங்களுக்குமா தெரியக்கூடாது?” ஹேமாவதிக்கே கண் கலங்கிவிட்டது. “எனக்கும்தான் அப்பவே தெரிஞ்சிருக்கணும். வளைகாப்புப் பேனர்ல உங்களுக்கு முழுப் படம் கிடைக்காம, இடுப்புக்குக் கீழ உங்க பெரியப்பா மகனோட வேட்டியை ஒட்டினவ நான்தான்.”

“அடிப்பாவி, அதான் அன்னிக்கி வேட்டில ரெண்டு கலர் கரை!” என்றார் வடிவேலு. தன்னையறியாமல் மீசை ஒரு பக்கம் ஏறியது. அந்த அரைச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள் ஹேமாவதி. அங்கேதான் அவள் கெட்டிக்காரி.

“சிவா, போனைப் பிடி. இன்னைக்கு நீ எடு.”

இருபத்தொரு தட்டுக்கு முன்னால் வடிவேலு நின்றார். சிவகுமார் போனைத் தூக்கினான்.

“மாப்ள, வெயில்ல என்னை நிக்க வச்சி நீ நெழல்ல நின்னா கண்ணு சுருங்கும். நீ இப்டி வா.” வந்தான். “போன குந்தி எடு, அப்பதான் ஆளு ஒசரமா தெரியும்.” குந்தினான், புது வேட்டி தொடைப்பக்கம் ‘டர்ர்’ என்றது. “விரல எடு, விரல எடு! லென்ஸ்ல கீது பாரு.” ஊரே சிரித்தது. இந்தத் தடவை இருமலாக மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. “இத்தினி வருஷம் எப்டி மச்சான் எடுத்த?” என்று எழுந்த சிவகுமார், கிழிந்த வேட்டியோடு மச்சானைக் கட்டிப்பிடித்து, “என்னை மன்னிச்சிரு மச்சான்” என்றான்.

“போடா பேமானி” என்றார் வடிவேலு, செல்லமாக.

அடுத்தது ஹேமாவதியின் வேலை. மண்டப மேனேஜர் எபியின் அறைக்கு ஓடினாள். லேப்டாப்பைத் திறந்து தாத்தா, பாட்டி, பங்காளிகள், பழைய தலைகள் எல்லாவற்றையும் இறக்கினாள். வடிவேலுவின் படத்தை வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆகும், இருந்ததோ இருபது நிமிஷம். வேறு வழியில்லாமல், நாலு மாதமாக வைது கொட்டிய அந்தச் செயலியையே சிவகுமாரின் போனில் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் மீசையின் ஒவ்வொரு முடியும் பிசிறில்லாமல் வெட்டுப்பட்டு வந்தது. “அட, மூதேவி! இவ்வளவு நல்லா வேலை செய்வியா நீ?” என்றாள். முடி வெட்டுகிற வேலையெல்லாம் இது பார்க்கட்டும். யாரை எங்கே நிறுத்துவது என்று இதற்கு எந்தக் காலத்தில் தெரியப்போகிறது?

பத்து பதினைந்துக்குத் திரை ஒரு தடவை இருண்டு, மறுபடி எரிந்தது. வலது பக்கம் முழு ஆளாக வடிவேலு. மீசை மட்டுமே ஒரு முழம். மேளம் தானாகவே கொட்ட ஆரம்பித்தது. பென்னி ஓடி வந்து, “ஹேமாக்கா, நண்பர்கள் வரிசைல என்னைக் கொஞ்சம் பெருசா...” என்று இழுத்தார். அவள் பார்த்த பார்வையில், “இதுவே போதும்க்கா” என்று போய்விட்டார்.

பத்து இருபத்தைந்துக்குத் தாய்மாமன் மடியில் காது குத்தியாயிற்று. ஜீவிதா ஒரு வீறு வீறிட்டு, வெல்லம் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டாள். வடிவேலுதான் மேல்துண்டால் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் ஹேமாவதி இரண்டாவது தடவை பாயசம் வாங்கும்போது எபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எல்லா விசேஷத்துக்கும் இதே பேஜார்தான் மேடம். போன வாரம் ஒரு ரிசப்ஷன்ல மாப்பிள்ளைக்கு ரெண்டு அப்பா. நம்ம மண்டபத்துத் திரை மொத்தத்தையும் நீங்களே பார்த்துக்கறீங்களா?” என்றார். அவள் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து ஆள் வந்தது. பொன்னுரங்கம் கூப்பிடுகிறாராம்.

ஐயோ, என்ன தப்பு வைத்தோமோ என்று பாதிப் பாயசத்தோடு ஓடினாள். கிழவர் திரைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“எல்லாம் சோக்கா கீதும்மா. ஆனா விளக்கு எங்க?”

“எந்த விளக்குங்கய்யா?”

“ஏரிக்கரை வூட்டானுக்கும் கோயில் தெருக்காரனுக்கும் நடுவுல நிப்பாட்டுவியே, அது.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “ஒன்போது வருசமா பாத்துகினுதான் கீறேன். நீ ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல. அந்த வெளக்கு இல்லன்னா எத்தினி விசேசம் சண்டைல முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும்மா. அவனுங்க ரெண்டு பேரும் கை கழுவிகினு வரதுக்குள்ள ஏத்திடு.”

இத்தனை வருஷமாக ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! ஹேமாவதி அறைக்கு ஓடி, பழைய கோப்பிலிருந்து குத்துவிளக்கை எடுத்தாள். இறக்கும்போது போன் அடித்தது. சேட்டு.

“இன்னா ஹேமா மேடம், சாயங்காலம் சாவி தர்றீங்கல்ல? சுவரு இடிக்க ஆள் சொல்லிட்டேன்.”

“ஆளைத் திருப்பி அனுப்பிடுங்க சேட்டு. சாவி கிடையாது.”

“இன்னா மேடம், வாக்கு குடுத்தீங்களே?”

“குடுத்தேன், வாபஸ் வாங்கிக்கிறேன். மண்டபத்துத் திரை வேலை வந்திருக்கு. நாளைக்கு வந்து பேசறேன், இப்ப கை வேலையா இருக்கேன்” என்று போனை வைத்தாள். அப்புறம் நாக்கைத் துருத்திக்கொண்டு, விளக்கை இரண்டு பேருக்கும் சரி நடுவில் நகர்த்தி வைத்தாள்.