ஆந்தை மாமா பல்கலைக்கழகம் போன சனிக்கிழமை

பள்ளி வேன் ஓட்டுகிற அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆந்தை மாமா. வண்டியைக் கிளப்புவதற்கு முன் தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டும்போதும் அப்படித்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதே மாதிரி கழுத்தைத் திருப்பிக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். அவருக்கு அதில் கோபமே கிடையாது, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமை. இவ்வளவு ஜாக்கிரதையாக ஓட்டுகிறவன் இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான் என்று மனைவியிடம் அளப்பார். அவள் துணி மடித்துக்கொண்டே, "ஆமாமா, உங்களுக்குச் சிலை வைக்கப் போறாங்க" என்பாள்.

ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம். எங்கே விண்ணப்பம் போடுவது என்பதுதான் வீட்டில் காலையும் மாலையும் பேச்சு. பல்கலைக்கழகங்கள் சனிக்கிழமைகளில் ஓப்பன் டே என்று ஒன்று நடத்துகின்றன. சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பிள்ளைகளையும், அவர்களைப் பெற்ற பாவத்துக்குக் கூடவே நடக்கிறவர்களையும் கூப்பிட்டு, வகுப்பறை, ஆய்வுக்கூடம், விடுதி, கக்கூஸ் முதற்கொண்டு சுற்றிக் காட்டி, கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை பள்ளி இல்லை, வேன் சும்மாதான் நிற்கும். அப்பாவும் மகளும் அதிலேயே கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு இடம் பார்த்தாயிற்று. முதல் இடத்தில் ஒருத்தர் மேடையேறித் தன் பெருமையையே பேசித் தீர்த்தார். மகள் விட்ட கொட்டாவியில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது இடத்தில் எல்லாரும் கணினியையே கட்டிக்கொண்டு அழுதார்கள். மகள் முகத்தில் உப்புச் சப்பில்லை. அவருக்கோ எல்லா இடமும் பிடித்திருந்தது. போகிற இடமெல்லாம் கேன்டீன் எப்படி, விடுதியில் வெந்நீர் வருமா, பஸ் உண்டா என்று குடைந்து எடுத்துவிடுவார்.

"அப்பா, படிக்கப் போறது நானா நீங்களா?"

"நீதான். ஆனா காய்ச்சல் வந்தா நான்தானே ஓடி வரணும்? வழி தெரிஞ்சு வெச்சுக்கறேன்."

மூன்றாவது இடம் தூரம். இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பினார்கள். பாதி வழியில், சந்து ஒன்றிலிருந்து பைக்கில் வந்த ஒருத்தன் சடாரென்று பிரேக் அடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனான். அவரும் விடவில்லை, கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே இழுத்தார்.

"எங்கேருந்துதான் மொளைக்கிறானுங்களோ! இப்பல்லாம் எவனைப் பாரு, திடீர் திடீர்னு முன்னாடி வந்து நிக்கறான்."

மகள் பயந்துபோய் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அவள் பார்க்க வந்தது ஆப்டோமெட்ரி துறை. கண்ணைச் சோதித்து, கண்ணாடி எழுதிக்கொடுத்து, நோய் இருந்தால் டாக்டரிடம் அனுப்பிவைக்கும் படிப்பு. யார் சொல்லி இவள் மண்டையில் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் உள்ளே காலெடுத்து வைத்ததும் மகள் வேறு ஆளாகிவிட்டாள். வரிசையாகச் சிறு சிறு இருட்டறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சுவரில் எழுத்துப் பலகை. மகள் லென்ஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றி மாட்டினாள். வீட்டில் கேட்ட கேள்விக்கு மூன்றாம் தடவைதான் பதில் சொல்கிற பெண், இங்கே மாணவர்களை நிற்க வைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அவருக்கு வாயெல்லாம் பல். மனைவியிடம் சொல்லிவிட வேண்டும், இதுதான் இடம், முடிந்துபோயிற்று, இனி எங்கேயும் அலைய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய அறையில் செய்துகாட்டல் இருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். கடைசி வருஷம் படிக்கிற ஒரு பெண், சிரித்த முகம், "யாராவது ஒருத்தர் வந்து உக்காருங்க. ஊசி கெடையாது, மருந்து கெடையாது" என்றாள்.

"எங்கப்பா வருவாரு!" என்று மகள் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அவருக்கா கூச்சம்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதலில் எழுத்துப் பலகை. கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதும் அதைத்தான் கேட்பார்கள், ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மகள் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

"இப்ப அடுத்தது" என்று அந்தப் பெண் அவருக்கு நேரெதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "என் மூக்கையே பாருங்க அங்கிள். நான் ரெண்டு பக்கமும் கைய நீட்டி விரலை ஆட்டுவேன். ஆடறது தெரிஞ்சதும் சொல்லணும். தலையைத் திருப்பக் கூடாது, அதான் ரூல்."

அவர் மூக்கைப் பார்த்தார். சின்ன மூக்குத்தி போட்ட மூக்கு. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?"

அறையே கொல்லென்று சிரித்தது. மகளும் சிரித்தாள். அப்பாவின் நக்கல் அவளுக்குத் தெரிந்ததுதானே. அவருக்கும் சிரிப்பு வந்தது, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று. பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. அவளுடைய இரண்டு தோள்களும் உயர்ந்திருந்தன. தோளுக்கு அப்பால் கைகள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கைகள் மெல்ல மெல்ல உள்ளே வந்து, ஏறக்குறைய அவள் காதருகே வந்த பிறகுதான் விரல்கள் ஆடுவது தெரிந்தது. எவ்வளவு நேரமாக ஆடிக்கொண்டிருந்தனவோ.

"ம்... தெரியுது" என்றார்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். முழுதும் அடங்கிய பிறகு அந்தப் பெண் எழுந்துபோய் ஒரு பேராசிரியையை அழைத்துவந்தாள்.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. கூட்டத்தில் வைத்து ஒன்றும் பேசவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப்போய், கிண்ணம் மாதிரியிருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவர் அழுத்தியது கொஞ்சம், சும்மா இருந்ததுதான் அதிகம். பிறகு அந்த அம்மாள் இன்னொரு கருவியால் கண்ணுக்குள் அழுத்தம் பார்த்து, விளக்கடித்து நரம்பையும் பார்த்தார். மகள் கதவோரமாக நின்றாள். கையில் அந்தத் துணிப்பை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமாகி, நரம்பு ரொம்ப நாளா கெட்டுட்டே வந்திருக்கு சார். வலி இருக்காது. நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஓரந்தான் போகும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் நெறையப் போயிடுச்சு."

"மருந்து போட்டா வந்துரும்ல?"

"போனது வராது. இருக்கறத காப்பாத்தலாம். திங்கக்கிழமையே கண் டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க." அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டே கேட்டார், "வண்டி கிண்டி ஓட்டறீங்களா?"

சாவி அவருடைய சட்டைப் பையில் கனத்தது.

"இல்லைங்க. வண்டியே கெடையாது. பஸ்லதான் வந்தோம்."

"ரொம்ப நல்லது" என்றார் பேராசிரியை. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருவரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். வழியெங்கும் பலூனும் கொடியும் கட்டி, மஞ்சள் சட்டை போட்ட மாணவர்கள் எல்லாரையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருத்தர் விடாமல் அறையலாம்போல அவருக்கு இருந்தது. சுண்டு என்று ஒரு வாண்டு அவர் வேனில் வருகிறது, முதல் வகுப்பு. போன வாரம் அதை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தபோது பின்னாலிருந்து பிள்ளைகள் வீலென்று கத்தின. பிரேக்கில் ஏறி நின்றுவிட்டுப் பார்த்தால், சுண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இறங்கிப்போய்க் காதைத் திருகி, "அறிவில்ல உனக்கு? பாத்துப் போகத் தெரியாதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் அதட்டினார். அது அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிற்று. இப்போது அதை நினைத்ததும் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உங்கள உக்கார வெச்சிருக்கக் கூடாதுப்பா" என்றாள் மகள். அதற்குமேல் அவளால் முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள்.

"சீ, பைத்தியம். ஏறு வண்டியில."

"சாவியைக் குடுங்க."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. பஸ்ல போயிடலாம்."

"வண்டிய இங்க விட்டுட்டா? திங்கக்கிழமை பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."

"நீங்க ஓட்டக் கூடாதுப்பா!"

"ஓட்டலேன்னா அப்புறம் என்ன செய்யச் சொல்றே? எனக்கு வேற என்ன தெரியும்?" குரல் உயர்ந்துவிட்டது. பலூன் பிடித்திருந்த பையன் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். அவர் குரலை இறக்கினார். "இந்தப் படிப்பு ஒனக்குப் பிடிச்சிருக்கு. பிடிக்கலேன்னு சொல்லாதே, நான் பாத்தேன். நீ படிக்கணும்னா இது ஓடணும். நீ முடிக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் தூக்கிப் போட்டுடறேன்."

"சுண்டு அதுல உக்காந்திருக்கும்ப்பா."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி. அவர் எடுக்காமல் நிற்க, மகள் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"ஆமாம்மா, பாத்துட்டோம்... இல்ல, எனக்குப் பிடிக்கல... என்னமோ, போர் அடிச்சுது... இல்லம்மா, இனிமே எங்கயும் பாக்க வேணாம். வந்து சொல்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். பிறகு அவரும் ஏறினார்.

வாசல் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். "இடது பக்கம் சைக்கிள். நில்லுங்க... போயிட்டான், எடுங்க. வலது பக்கம் ஒரு அம்மா நடக்கறாங்க. சந்துலேருந்து ஆட்டோ வருது, மெதுவா." குரல் கரகரத்திருந்தது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவர் நேரே பார்த்தபடி, அவள் சொன்ன இடத்தில் நிறுத்தி, சொன்ன இடத்தில் எடுத்தார். யாரும் திட்டவில்லை. யாரும் திடீரென்று முளைக்கவில்லை. இத்தனை நிம்மதியாக வண்டி ஓட்டி எத்தனையோ காலமாயிற்று. அந்த நிம்மதிதான் அவரைக் கொன்றது. இப்படியே ஓட்டலாம், யாருக்கும் தெரியாது என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தூ என்று தன்னையே துப்பிக்கொண்டார். கணக்கு நிற்கவில்லை.

ஊர் நெருங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. பக்கத்திலிருக்கும் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை, குரல்தான் வந்துகொண்டிருந்தது.

"முன்னாடி பள்ளம். வலது பக்கம் ஒடிக்காதீங்க, பஸ் வருது." பிறகு அதே குரலில் கேட்டாள், "திங்கக்கிழமை காலையில மொதப் பிள்ளைய எத்தனை மணிக்கு ஏத்தணும்ப்பா?"

அவருக்குப் புரியாமல் இல்லை, தினமும் கூடவே ஏறி உட்காரப் போகிறாள். பரீட்சை முடியட்டும் என்று அவள் சொல்லவில்லை, விண்ணப்பம் போடுகிறேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் பாப்பா, வண்டி நாசமாகப் போகட்டும், நீ போய்ப் படி என்று சொல்ல வேண்டும். அப்பன் என்று ஒருத்தன் இருப்பது இதைச் சொல்லத்தான். ஒரு சிக்னல் தாண்டியது, இன்னொரு சிக்னல் தாண்டியது. அவள் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆறரைக்கு" என்றார்.