சம்பந்திக்கு ஒரு கிளாஸ் பியர்

“இது சனத்துக்குச் சோறு அவிக்கிற என்ரை கிடாரம்—”

“கிடாரத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை, நான் ஒரேயொரு ஓட்டை மட்டும்தான்—”

“ஓட்டை போட்ட பிறகு அது கிடாரமோ?”

“குழாய் பூட்டியிருக்கப்பா! இப்ப அது மிஷின்.”

ஹரோவில், அந்த வீட்டுக் கராஜில், சண்முகராசாவும் மனைவி தவமலரும் கிடாரத்துக்கு இருபுறமும் நின்றார்கள். உள்ளே, முளைகட்டி உலர்த்திய பார்லி சுடுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. அடிக்குழாயால் இறங்கும் சாற்றை ஒரு சின்னப் பம்ப் இழுத்து, மேலே தானியத்தின்மீது திரும்ப ஊற்றவேண்டும். சுற்றிச் சுற்றி வந்தால் சாறு தெளியும்.

தெளிந்தே ஆகவேண்டும். போனமுறை எட்மண்டனிலிருந்து வந்த சம்பந்தி சவிரிமுத்து, பதினெட்டு வருடம் ஜெர்மனியில் பியர் குடித்த மனிதர், இவர் வீட்டில் வடித்த பியரில் ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு மிச்சத்தை ரோசாச் செடிக்கு ஊற்றியதைச் சண்முகராசா யன்னலால் கண்டுவிட்டார். மகள் மாதங்கியின் பிறந்தநாளுக்குச் சம்பந்தி மறுபடி வருகிறார். ஐந்து கிழமைதான் இருக்கிறது.

“அந்த மனுசன் ஒரு கிளாஸ் முழுசாக் குடிக்கோணும். எனக்கு அவ்வளவும் காணும்.”

“ரோசா நல்லாத்தானே பூத்தது. அதின்ரை வாயிலை ஏன் மண்ணைப் போடுறியள்?”

அவர் பம்பைப் போட்டார். அது முனகியது. மேல்குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு வறண்டுபோனது.

“என்ன, மிஷின் இண்டைக்கு விரதமோ?”

“அடைச்சிட்டுது. சூடு இறங்கினால் எல்லாம் போச்சு, தவம்.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அகப்பையால் கொஞ்சம் அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இதென்ன, களியோ? உடைச்ச தானியம் எண்டெல்லோ சொன்னியள்?”

“கடையிலை உடைச்சுத்தான் தந்தவங்கள். பெரிசு பெரிசாக் கிடந்தது. அதுதான் உம்மடை கிரைண்டரிலை இன்னும் இரண்டு தரம் அரைச்சனான்.”

“ஏனாம்?”

“நல்லா அரைபட்டால்தானே ருசி இறங்கும்?”

“புட்டு மாவைக் குழலுக்குள்ளை இறுக்கி அமத்தினால் ஆவி மேலை வருமோ? நாப்பது வருசமாப் புட்டுத் தின்னுறியள், இது தெரியேல்லை. முதல்லை பம்பை நிப்பாட்டுங்கோ. அது இழுக்க இழுக்க அடி இன்னும் இறுகுது.”

நிறுத்தினார். அவள் அகப்பையை உள்ளே விட்டு, அடியைத் தொடாமல் மெல்லக் கிளறிப் பதமாக்கினாள். பத்து நிமிடம் அப்படியே அடங்க விட்டார்கள். அவர் அந்தப் பத்து நிமிடமும் வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப போடுங்கோ. குழாயைக் கொஞ்சமாத் திறவுங்கோ. நூல் மாதிரி வந்தால் காணும்.”

நூலாக வந்தது. முதலில் பால்போல, பிறகு தேத்தண்ணிபோல, கடைசியில் தேன்போல. குழாய்க்குள்ளால் கராஜ் வெளிச்சம் தெரிந்தது.

“பார்த்தீரே! சவிரிமுத்து இனி இரண்டாவது கிளாசும் கேப்பார்!”

“ரோசாவுக்கு இனிப் பச்சைத் தண்ணிதான், பாவம்.”

அவர் ஒரு கரண்டி பிடித்து, ஊதி, குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். சப்புக்கொட்டியது பாதியில் நின்றது. காது சிவந்தது. இருமினார்.

“சூடு” என்றார்.

தவமலர் சுவர்த்தட்டிலிருந்த கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை நான் அதிலைதான் மிளகாய்த்தூள் அரைச்சனான். கழுவிப்போட்டுத்தானே தானியத்தைப் போட்டனீங்கள்?”