கொடி வெளியே வந்துவிட்டது

ஒரு மீனவரின் உள்ளங்கையில் ஏறியிருந்த தூண்டில் முள்ளை லெய்சவி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

"கொடி வெளியே வந்துவிட்டது. சீக்கிரம் ஆள் வரவும். தசாலே."

மீனவரின் கையை உதவிக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு லெய்சவி வெளியே ஓடினார். எங்கள் தீவுக்கூட்டத்துக்கு அவர் ஒருவர்தான் மருத்துவச்சி. தசாலே, எதிரே தெரியும் நமோரு தீவின் சுகாதாரக் குடிலைப் பார்த்துக்கொள்பவன். அந்தத் தீவில் நிறைமாதமாக இருந்தவள் ரூத்லின் மட்டுமே. இரண்டு குழந்தைகளைப் பெற்று, இரண்டையும் மண்ணுக்குள் வைத்தவள்.

சென்ற ஆண்டு நமோருவின் குடிலுக்கு மேல் ஒரு தட்டு ஆன்டெனா வைத்து இணையம் கொடுத்தார்கள். அதன் வழியாக வாரம் தவறாமல் ரூத்லினைத் திரையில் பார்ப்பது லெய்சவியின் வழக்கம். தலைநகர் விலாவிலிருந்து டாக்டரும் சேர்ந்துகொள்வார். இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று அவர்கள் இருவரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

லெய்சவி வீடியோவில் கூப்பிட்டார், போகவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டார், அதுவும் போகவில்லை. நமோருவில் மேட்டு ஈரப்பலா மரத்தடியில் மட்டும் பழைய போன் கோபுரத்தின் சிக்னல் கொஞ்சம் எட்டும். எழுத்துச் செய்தி போகும், குரல் போகாது.

குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வந்துவிட்டால் குழந்தையின் தலையே அதை நசுக்கிவிடும். பிறகு நிமிடக் கணக்குதான். லெய்சவி எழுதினார்: "ரூத்லினை முட்டியும் முழங்கையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்திருக்கச் சொல். எழுந்திருக்க விடாதே. கொடியை உள்ளே தள்ளாதே. ஈரத்துணியால் மூடு. வருகிறேன்."

"சரி" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விலாவுக்குப் போன் போட்டு, "டாக்டர், ரூத்லினுக்குக் கொடி வெளிய வந்துருச்சு. விமானம் கேளுங்க. பெரிய உசிரையாவது காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியோடு படகில் ஏறினார்.

காற்று எதிர்க்காற்று. படகோட்டி கல்மெட் ஒவ்வொரு அலைக்கும் வேகத்தைக் குறைத்தான்.

"இன்னும் வேகமா போ, தம்பி."

"அக்கா, கவுந்துட்டோம்னா அங்க போய் யாரு பிள்ளை எடுக்கிறது? நீங்க பெட்டியை மட்டும் பிடிச்சுக்கங்க."

பாதிக் கடலைத் தாண்டும்போதே குழந்தைக்கான நேரம் முடிந்துவிட்டது என்று லெய்சவிக்குத் தெரியும். அதை கல்மெட்டிடம் அவர் சொல்லவில்லை. கரையை நெருங்கியதும் காதைக் கூர்மையாக்கினார். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் படகு மணலைத் தொடும் முன்பே ஒப்பாரி கேட்டுவிடும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

தசாலே முழங்கால் தண்ணீர்வரை இறங்கி வந்தான். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். வேலிய சரியா அடைக்கல. பன்னி கடிச்சு இழுத்துருச்சு."

"எதை?" என்றார் லெய்சவி.

"கொடியத்தான்."

"பன்னி... கொடிய..." அவர் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். "ரூத்லின் எங்கடா?"

"நீங்க சொன்ன மாதிரியே முட்டி போட்டிருக்கு. ஏன்னு ஒருத்தருக்கும் புரியல. சிஸ்டர் சொன்னா காரணம் இருக்கும்னு விட்டுட்டோம்."

எங்களுக்கு எல்லாமே கொடிதான். காட்டு மரத்தில் தொங்குவதும் கொடி, படகைக் கட்டுவதும் கொடி, பிள்ளைக்கு வயிற்றுக்குள் சோறு கொண்டுபோவதும் கொடி. கூரைத் தட்டிலிருந்து இறங்கிவரும் கருப்பு வயருக்கும் யாரும் வேறு பெயர் வைக்கவில்லை.

லெய்சவி குடிலுக்குள் ஓடினார். பாய்மேல் ரூத்லின் முட்டியும் முழங்கையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். அவளுடைய அத்தை ஏமே பக்கத்தில் உட்கார்ந்து லாப்லாப் கிழங்கு அடையைப் பிய்த்து அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரமாக வயரின் முனை ஈரத்துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"பேட்டரிய அணைச்சிட்டுத்தான் சிஸ்டர் துணி போட்டேன்" என்றான் தசாலே.

ஏமே அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சட்டம்டியம்மா இது? இன்டர்நெட் அறுந்தா புள்ளத்தாச்சி முட்டி போடணுமா? அப்ப ஊர்த் தலைவர் என்ன பண்ணணும், தலைகீழா நிக்கணுமா?"

"சிஸ்டர், நான் எந்திரிக்கலாமா? முட்டி ரெண்டும் செத்துப்போச்சு" என்றாள் ரூத்லின்.

லெய்சவி அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு இடம் மாற்றி வைத்த பிறகு துடிப்பு கேட்டது: வேகமாக, பிசகாமல், குதிரை ஓடுவதுபோல. அதை அவர் தேவைக்கும் அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"எதுக்கு அழுவுறாங்க?" என்று ஏமே அத்தை தசாலேயிடம் கிசுகிசுத்தாள். லெய்சவி தன் போனை நீட்டி, தான் அனுப்பியதையும் அவன் அனுப்பியதையும் காட்டினார். தசாலே இரண்டையும் மறுபடி படித்தான். அவன் முகம் வெளிறியது.

"ஐயோ, நீங்க... அந்தக் கொடின்னு நெனச்சீங்களா?"

"வேற எந்தக் கொடின்னு நான் நெனைக்கிறது?"

ரூத்லின் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவாவது அத உள்ள தள்ளலாமா சிஸ்டர்?" என்று தசாலே மெதுவாகக் கேட்டான்.

"தள்ளித் தொலை."

துண்டை எடுத்து, முனையைத் துடைத்து உலரவிட்டு, சுவரில் இருந்த இன்டர்நெட் பெட்டிக்குள் சொருகினான். பேட்டரியைப் போட்டான். விளக்குகள் சிமிட்டின. பிறகு குடிலில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. சுவர்த் திரையில் விலா டாக்டரின் முகம் வந்தது. லெய்சவி போன் போட்டதிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"லெய்சவி! குழந்தை?"

லெய்சவி கருவியின் ஒலியைக் கூட்டித் திரைப்பக்கம் நீட்டினார். துடிப்பைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படி இது? கொடி...?"

"இன்டர்நெட் வயரு, டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "விமானம் ரன்வேயில நிக்குது. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"பன்னின்னு சொல்லுங்க" என்றார் லெய்சவி.

முதலில் சிரித்தது ஏமே அத்தை. பிறகு குடில் முழுக்கச் சிரித்தது, திரைக்கு அந்தப் பக்கமும்.

"சிரிக்க வைக்காதீங்க எல்லாரும்" என்று ரூத்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இப்பவே வந்துரும் போல இருக்கு."