காலி மேஜைக்கு ஒரு ஜெபம்

துக்க வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது, போதகருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை அதட்டி அதட்டித் தடித்துப்போன குரல். சபையில் எனக்கு 'ஹார்ன் அக்கா' என்றே பெயர்.

"ஐயா, என் வாயைப் பத்தித் தெரியாதா? அழுதுட்டிருக்கிறவங்களைக்கூட 'சீக்கிரம், சீக்கிரம்'னு விரட்டிடுவேன்" என்றேன்.

"நானும் வேற ஆளைத்தான் யோசிச்சேன்மா. ஜெபிக்க ஜெபிக்க உன் பேருதான் வந்துச்சு" என்றார். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வீட்டில் சொன்னால் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ வாய்விட்டு ஜெபிக்கிறது சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும்தானே? அதையும் நாலே வரியில முடிச்சிடுவ."

உண்மைதான். அதனாலேயே கோபம் வந்தது. ஆனாலும் என்னைக் கூப்பிட்ட ஆண்டவர் ஆள் தெரியாமல் கூப்பிட்டிருக்க மாட்டார் என்று ஒரு பிடிவாதம் எனக்கு.

முதல் வீடு, கைக்கடிகாரம் பழுதுபார்த்துவந்த ஒருவருடையது. அவரை அடக்கம் செய்ததிலிருந்து அவர் மனைவி ஒரு வாய் சாப்பிடவில்லை என்று மகள் வாசலிலேயே சொன்னாள். "அம்மாவுக்கு சுகர் வேற. கெஞ்சியும் பாத்துட்டேன், கத்தியும் பாத்துட்டேன். நீங்களாவது ஏதாவது பண்ணுங்கக்கா."

சாப்பாட்டு மேஜையருகே அந்த அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. ஆறுதல் வசனங்களை வேன் ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடியதும் ஒன்றுகூட ஞாபகமில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்..."

கண்ணைத் திறந்தேன். மேஜையில் ஒரு தண்ணீர் டம்ளர்கூட இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவமானத்தில் காது சுட்டது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டிவிட்டால் போதும், பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டியதில்லை. ஆனால் நான் போனாலும் அந்த அம்மா அதே சுவரைப் பார்த்துக்கொண்டு பட்டினியாகத்தானே இருப்பார்? அதை நினைத்ததும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சாவியை மேஜைமேல் போட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே, தப்பா ஆரம்பிச்சுட்டேன். எனக்கு ஒழுங்கா ஜெபிக்க வராதுன்னு தெரிஞ்சேதான் என்னை அனுப்பினீங்க. இனி உங்க பொறுப்பு. ஆனா இந்த அம்மாவை இப்படி விட்டுட்டு நான் போக மாட்டேன்."

"முதல்ல சொன்னதை முடிங்க" என்றார் அந்த அம்மா. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

"எதம்மா?"

"சாப்பாட்டு ஜெபம். அவர்தான் எப்பவும் சொல்லுவாரு. அவர் சொல்லாம நான் ஒரு நாளும் தட்டுல கை வச்சதில்ல. எல்லாரும் சாப்பிடு சாப்பிடுன்னாங்க. யாரும் ஜெபிக்கலையே."

மகள் அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடினாள். தட்டு வந்தது. நான் முதலிலிருந்து ஆரம்பித்து, நாலு வரியையும் அவசரப்படாமல் சொன்னேன். அவர் மெதுவாகப் பாதித் தட்டு சாப்பிட்டார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் வருவீங்களா?"

"வரேன்மா. ஆனா நாளைக்கு ஜெபம் நீங்கதான்."

"ஐயோ, எனக்கு அதெல்லாம் வராது."

"எனக்கு மட்டும் வந்துச்சா?"

மறுநாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சாப்பாடு ஆறியது. பிறகு மறுபடியும், கொஞ்சம் பலமாக, "ஆண்டவரே" என்றார்.